உப்பில் கரைந்த செய்தி

நம் உடலில் செய்தி ஓடுவது நரம்பின் வழி மட்டுமன்று. குருதியின் வழியும் ஓடுகிறது. மூளையின் அடியில் பட்டாணி அளவேயுள்ள பிட்யூட்டரி ஏவ, முன்கழுத்திலுள்ள தைராய்டு தைராக்சினைக் குருதியில் நேரே கலக்கிறது. தனிக் குழாய் இன்மையால் இவற்றை நாளமில்லாச் சுரப்பிகள் என்பர். தைராக்சின் மிகுந்தால் ஏவல் அடங்கும், குறைந்தால் பெருகும்.

தைராக்சின் உண்டாக அயோடின் வேண்டும். நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம், ஊசிமுனையில் நிற்கும் அளவே! அது கிட்டாவிடில், ஓயாத ஏவலால் சுரப்பி பருத்துக் கழலையாகிறது. இமயச் சாரலிலுள்ள காங்கிரா பள்ளத்தாக்கில் இந்நோய் மலிந்திருந்தது. மருத்துவர் வி. இராமலிங்கசுவாமியும் குழுவினரும் 1956இல் தொடங்கி, சில பகுதிகளுக்கு அயோடின் சேர்த்த உப்பும், ஒரு பகுதிக்கு வெறும் உப்பும் வழங்கினர். சில ஆண்டுகளில் முன்னவரிடையே கழலை வெகுவாகக் குறைந்தது. 1962இல் தேசியக் கழலைத் தடுப்புத் திட்டம் பிறந்தது.

கழலையேனும் கண்ணுக்குத் தெரியும். தைராக்சின் குன்றியதால் கருவிலுள்ள மகவின் மூளைக்கு நேரும் குறையோ பிறந்த பின்னும் உடனே தெரிவதில்லை. ஆகவே கருவுற்ற தாய்க்கு 250 மைக்ரோகிராம் என்கின்றனர்.

அயோடின் சேராத உப்பை உணவுக்கென விற்பது 2006 முதல் தடை. ஆயினும் பொள்ளாச்சிச் சந்தையில் கல்லுப்புக்குப் பேரம் பேசும் நாம், உறையைப் படிப்பதில்லை. படித்து வாங்குவோம். சாடியையும் மூடி வைப்போம். ஈரமும் வெயிலும் பட்டால் அயோடின் குறைந்துவிடும்.