கொசுறு சேர்த்துக் காலேஜ் ஃபீஸ் கட்ட முடியுமா?

சந்தையில் அரைக் கிலோ கத்தரிக்காய் வாங்கினால் ஒரு கொத்து கருவேப்பிலையைக் கொசுறாகப் போடுவார்கள். நமக்கும் சந்தோஷம். அடுத்த வாரமும் இங்கேதான் வருவார்கள் என்று காய்க்கார அம்மாவுக்கும் ஒரு நம்பிக்கை. இந்தக் கருவேப்பிலைக்குப் பெரிய கடைகள் வைத்திருக்கிற பெயர்தான் 'ரிவார்டு பாயிண்ட்'. பில் போடும்போது போன் நம்பர் கேட்கிறார்களே, அதற்கு இதுவும் ஒரு காரணம்.

கருவேப்பிலை ரசத்துக்கு ஆகும். ஆனால் அதைச் சேர்த்து வைத்தே பிள்ளையைக் காலேஜில் சேர்த்துவிடலாம் என்று ஒருவர் சொன்னால் சிரிப்போமா, மாட்டோமா? அமெரிக்காவில் அப்படிச் சொன்னார்கள் நண்பர்களே! சும்மா வாயால் சொல்லவில்லை, கம்பெனி ஆரம்பித்தே சொன்னார்கள். லட்சக்கணக்கான குடும்பங்கள் அதில் சேரவும் செய்தன.

அமெரிக்காக்காரன் கதை நமக்கு எதற்கு என்று கேட்கலாம். டிப்ளமோ முடித்து லேட்டரல் என்ட்ரியில் பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரும் ஆசை நம்மில் நிறையப் பேருக்கு இருக்கிறது. அந்த ஃபீஸ் எங்கிருந்து வரும் என்ற கேள்வியும் நம் வீடுகளில் இருக்கிறது. இந்த நேரத்தில் 'செலவு செய்துகொண்டே சேமிக்கலாம்' என்று விளம்பரம் வந்தால் யாருக்குத்தான் ஆசை வராது? அதனால் கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

முதலில் கொஞ்சம் பழைய கதை. 1896ல் அமெரிக்காவில் ஸ்பெர்ரி, ஹட்சின்சன் என்ற இருவர் பச்சை ஸ்டாம்பு என்ற ஒன்றைத் தொடங்கினார்கள். கடைக்காரர்கள் இவர்களிடம் காசு கொடுத்து ஸ்டாம்பு வாங்குவார்கள். பத்து சென்ட்டுக்குச் சாமான் வாங்கும் வாடிக்கையாளருக்கு ஒரு ஸ்டாம்பு. வீட்டில் எச்சில் தொட்டு ஒரு சின்னப் புத்தகத்தில் ஒட்ட வேண்டும். 1200 ஸ்டாம்பு சேர்ந்தால் ஒரு புத்தகம் நிறையும். அதாவது 120 டாலருக்குச் சாமான் வாங்கியாக வேண்டும். நிறைந்த புத்தகங்களைக் கொடுத்து விளக்கோ, பாத்திரமோ வாங்கிக்கொள்ளலாம். இன்றைய பாயிண்ட் கார்டு, கேஷ்பேக் எல்லாம் இந்தப் பச்சை ஸ்டாம்பின் பேரப்பிள்ளைகள். அன்று எச்சில் தொட்டு ஒட்டியதை இன்று கம்ப்யூட்டர் ஒட்டுகிறது, அவ்வளவுதான்.

2000ஆம் ஆண்டில், விளம்பரத் துறையில் பேர் வாங்கிய மைக்கேல் பிரானர் என்பவர் இதைக் கல்வியோடு முடிச்சுப் போட்டார். கம்பெனியின் பெயர் 'யுபிராமிஸ்'. மறுவருஷம் திட்டம் மக்களிடம் வந்தது. நம் கிரெடிட் கார்டு நம்பரையும் மளிகைக் கடைக் கார்டு நம்பரையும் அங்கே பதிவு செய்துவிட வேண்டும். பிறகு வழக்கம்போல் கடைக்குப் போக வேண்டியதுதான். ஒப்பந்தம் போட்டிருக்கிற கடைகளில் வாங்கினால், அந்தக் கடை விளம்பரச் செலவாக நினைத்து ஒரு சின்னச் சதவீதத்தைப் பிள்ளையின் பெயரில் போடும். தாத்தா பாட்டி வாங்குவதையும் பேரன் கணக்கில் சேர்க்கலாம். சேர்ந்த பணத்தை '529' கணக்குக்கு மாற்றிக்கொள்ளலாம். அது என்ன 529? அமெரிக்க வருமான வரிச் சட்டத்தில் 1996ல் சேர்த்த பிரிவின் நம்பர். அந்தக் கணக்கில் முதலீடு வளர்ந்து வரும் லாபத்தைப் படிப்புக்கே செலவழித்தால் மத்திய அரசின் வரி கிடையாது.

யோசனை நல்ல யோசனைதான். இப்போது கணக்கு. ஒரு அமெரிக்கக் குடும்பம் திட்டத்தில் உள்ள கடைகளில் மாதம் 600 டாலருக்குச் சாமான் வாங்குகிறது என்றும், சராசரியாக 1 சதவீதம் திரும்பி வருகிறது என்றும் வைத்துக்கொள்வோம். மாதம் 6 டாலர், வருஷம் 72 டாலர். குழந்தை பிறந்த அன்றே ஆரம்பித்து 18 வருஷம் விடாமல் சேர்த்தாலும் வட்டியில்லாமல் 1,296 டாலர். அங்கே அரசுப் பல்கலைக்கழகத்தில் சொந்த மாநிலப் பிள்ளைகளுக்கே ஒரு வருஷ டியூஷன் ஃபீஸ் 2023-24ல் சராசரியாக 11 ஆயிரம் டாலருக்கு மேல். ஆக 18 வருஷக் கொசுறு ஒரு வருஷ ஃபீஸில் எட்டில் ஒரு பங்கைக்கூடத் தொடவில்லை. மெஸ் பில், புத்தகம் எல்லாம் தனி!

இதைவிடப் பெரிய கொசுறும் உண்டு. ஃபிடிலிட்டி என்ற முதலீட்டு நிறுவனத்தின் கிரெடிட் கார்டில் 2 சதவீதம் நேராக 529 கணக்குக்குப் போக வழி செய்திருக்கிறார்கள். மாதம் 2,000 டாலரை அந்தக் கார்டிலேயே செலவழித்தால் வருஷம் 480, 18 வருஷத்தில் 8,640 டாலர். இது கொஞ்சம் மதிக்கத்தக்க தொகை. முதலீட்டில் வளர்ந்தால் இன்னும் கூடும். ஆனால் ஒரு நிபந்தனை. மாதாமாதம் கார்டு பில்லை முழுசாகக் கட்டிவிட வேண்டும். அந்த நாட்டில் 2024ல் கிரெடிட் கார்டு வட்டி சராசரியாக 20 சதவீதத்துக்கு மேல். 2,400 டாலர் பாக்கி வைத்தால் போதும், வருஷத்தில் சேர்ந்த 480ஐயும் வட்டி வந்து சாப்பிட்டுவிட்டுப் போய்விடும்.

2006ல் இந்த யுபிராமிஸை வாங்கிய கம்பெனி எது தெரியுமா? சாலி மே. மாணவர்களுக்குக் கல்விக்கடன் தருவதுதான் அவர்களுடைய தொழிலே! சேமிப்பு எங்கே போதாமல் போகுமோ, அங்கே கடன் கொடுக்க ஆள் தயார். (இது என் கிண்டல். அவர்கள் அப்படிச் சொல்லவில்லை.) பிறகு 2020ல் பிராடிஜ் என்ற கம்பெனிக்குக் கை மாறியது.

நம்ம கம்ப்யூட்டர் பிராஞ்சுக்காரர்கள் இந்த இடத்தைக் கவனிக்கணும். யுபிராமிஸ் தன் உறுப்பினர்களுக்கு ஒரு டூல்பார் கொடுத்தது. இன்டர்நெட்டில் எந்தக் கடை பாயிண்ட் தரும் என்று அது காட்டும். ஆனால் அதில் ஒரு வசதியை முடுக்கிவிட்டால், போகிற தளங்களின் பெயர், தேடுகிற சொற்கள், சில சமயம் பாஸ்வேர்டு உட்பட எல்லாவற்றையும் அது திரட்டியது, அதையும் என்க்ரிப்ஷன் செய்யாமலே அனுப்பியது என்று அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் குற்றம் சாட்டியது. 2012ல் ஒரு சமரசம் ஆனது. அந்த உத்தரவை மீறியதாகச் சொல்லி 2017ல் 5 லட்சம் டாலர் அபராதமும் விதித்தார்கள். கொசுறு இலவசம் என்று யார் சொன்னது? நாம் எதை, எப்போது, எவ்வளவுக்கு வாங்குகிறோம் என்ற விவரத்துக்கும் ஒரு விலை இருக்கிறது. நாம் அதைத்தான் கொடுக்கிறோம்.

இன்னொரு விலையும் இருக்கிறது. அதை யார் கொடுக்கிறார்கள் என்று தெரிந்தபோதுதான் எனக்கு இந்தக் கட்டுரையே எழுதத் தோன்றியது. அமெரிக்காவில் கிரெடிட் கார்டைத் தேய்க்கும்போது கடைக்காரர் சுமார் 2 சதவீதத்தை வங்கிப் பக்கம் கட்டணமாகத் தருகிறார். பாயிண்டுக்கான பணம் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது. கடைக்காரர் சும்மா இருப்பாரா? சாமான் விலையில் ஏற்றிவிடுகிறார். கார்டு வைத்திருப்பவருக்கும் அதே விலை, ரொக்கம் கொடுப்பவருக்கும் அதே விலை. ஆனால் பாயிண்ட் ஒருவருக்கு மட்டும்! பாஸ்டன் நகரத்து மத்திய ரிசர்வ் வங்கியின் பொருளாதார ஆய்வாளர்கள் 2010ல் இதைக் கணக்கிட்டார்கள். ரொக்கம் தரும் குடும்பம் ஒவ்வொன்றும் சராசரியாக வருஷம் 149 டாலரைக் கார்டு வைத்திருக்கும் குடும்பங்களுக்குத் தன்னை அறியாமல் கொடுக்கிறதாம். கார்டு உள்ள குடும்பத்துக்கு அப்படி வருவது 1,133 டாலர். வருமானப்படி பிரித்துப் பார்த்தால், வருஷம் 20 ஆயிரம் டாலருக்குள் சம்பாதிக்கும் குடும்பம் 21 டாலர் இழக்கிறது. ஒன்றரை லட்சம் டாலருக்கு மேல் சம்பாதிக்கும் குடும்பத்துக்கு 750 டாலர் வருகிறது. ஏழைப் பிள்ளையின் படிப்புக்கு உதவும் என்று நாம் நினைக்கிற பாயிண்டுக்கு அந்த ஏழைப் பிள்ளையின் அப்பாவே காசு கட்டிக்கொண்டிருக்கிறார்!

சரி, இவ்வளவு தெரிந்தும் ஏன் பாயிண்டை விட மனசு வருவதில்லை? அதற்கும் ஒரு பரிசோதனை இருக்கிறது. கார் கழுவும் இடம் ஒன்றில் 300 பேருக்கு அட்டை கொடுத்தார்கள். பாதிப் பேர் அட்டையில் 8 கட்டம். எட்டு முறை கழுவினால் ஒரு தடவை இலவசம். மீதிப் பேர் அட்டையில் 10 கட்டம், ஆனால் 2 கட்டத்தில் முன்கூட்டியே முத்திரை குத்தியிருந்தது. இரண்டு பேருமே எட்டு முறைதான் வர வேண்டும். ஆனாலும் முதல் அட்டையை முடித்தவர்கள் 19 சதவீதம், இரண்டாவதை முடித்தவர்கள் 34 சதவீதம். நூன்ஸ், டிரெஸ் என்ற இருவர் 2006ல் இதை வெளியிட்டார்கள். ஆரம்பித்துவிட்டோம் என்ற நினைப்பே நம்மை இழுத்துக்கொண்டு போகிறது. 'வெல்கம் போனஸ் 100 பாயிண்ட்' என்று மெசேஜ் வருவது ஏன் என்று இப்போது புரிகிறதா?

நியாயமாக மறுபக்கமும் சொல்ல வேண்டும். வில்லியம் எலியட் என்ற ஆய்வாளர் அமெரிக்காவில் குறைந்த, நடுத்தர வருமானக் குடும்பத்துப் பிள்ளைகளைப் பற்றி 2013ல் எழுதியிருக்கிறார். படிப்புக்கென்று தன் பெயரில் 500 டாலருக்கும் குறைவாகச் சேமிப்பு இருந்த பிள்ளைகள்கூட, கணக்கே இல்லாத பிள்ளைகளைவிட மூன்று மடங்கு அதிகமாகக் கல்லூரியில் சேர்ந்திருக்கிறார்கள். சேமிப்பால்தான் சேர்ந்தார்கள் என்று இதை வைத்து முடிவு கட்ட முடியாது. படிப்பில் அக்கறை உள்ள வீட்டில் கணக்கும் இருந்திருக்கும், பிள்ளையும் சேர்ந்திருக்கும். இருந்தாலும் நான் இதை நம்புகிறேன். எங்க வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். 'இது படிப்புக்கு' என்று ஒரு டப்பாவில் தனியாகப் பணம் கிடந்தால், அதில் எவ்வளவு இருக்கிறது என்பதைவிட அது கிடக்கிறது என்பதே வீட்டில் பேச்சை மாற்றிவிடும். யுபிராமிஸ் செய்த நல்ல காரியம் என்று ஒன்று இருந்தால் அது இதுதான்.

இனி நம்ம ஊருக்கு வருவோம். இங்கே பாயிண்டின் மதிப்பையும் கடைக்காரர்தான் வைக்கிறார். பேபேக் என்ற கார்டில் ஒரு பாயிண்ட் என்பது 25 பைசாவாக இருந்தது. ஆயிரம் பாயிண்ட் சேர்ந்தது என்று துள்ளினால் கையில் 250 ரூபாய். அந்தக் கம்பெனியை 2021ல் பாரத்பே வாங்கி, பெயரையும் ஸில்லியன் என்று மாற்றியது. போனில் பணம் அனுப்பினால் வரும் ஸ்கிராட்ச் கார்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சுரண்டிச் சுரண்டி விரல்தான் தேயும்.

அதோடு நம் வீடுகளில் செலவு எங்கே நடக்கிறது? அரிசியும் சர்க்கரையும் ரேஷன் கடையில். காய் சந்தையில். மளிகை அண்ணாச்சி கடையில், அதுவும் நோட்டில் எழுதி, சம்பளம் வந்ததும் கொடுப்பது. பாயிண்ட் போடுகிற கடைக்குப் போவது தீபாவளிக்குத் துணி எடுக்கத்தான். அண்ணாச்சி பாயிண்ட் தருவதில்லை. ஆனால் பத்து நாள் கடன் தருகிறார், வட்டி கேட்பதில்லை. எனக்கு அது பெரிய ரிவார்டாகத் தெரிகிறது.

'சிறு துளி பெரு வெள்ளம்' என்று யாராவது சொல்வார்கள். துளி எங்கிருந்து விழுகிறது என்று பார்க்க வேண்டாமா? 1 சதவீதம் பாயிண்டில் மாதம் 500 ரூபாய் சேர வேண்டுமானால் மாதம் 50,000 ரூபாய்க்குச் சாமான் வாங்க வேண்டும். அவ்வளவு வாங்குகிற வீட்டுக்கு இந்த 500 தேவையே இல்லை. அதே 500ஐத் தபால் ஆபீஸ் ஆர்.டி.யில் மாதாமாதம் போட்டால், 2023 அக்டோபரில் நிர்ணயித்த 6.7 சதவீத வட்டிப்படி ஐந்து வருஷத்தில் கட்டியது 30,000, கைக்கு வருவது சுமார் 35,680. நூறு ரூபாயில் இருந்தே கணக்கு ஆரம்பிக்கலாம். வாரத்துக்கு இரண்டு தடவை கேன்டீன் பஜ்ஜியை விட்டால் அந்த நூறு வந்துவிடும். அரசுப் பள்ளியில் படித்து வந்தவர்களுக்கு 2022ல் ஆரம்பித்த புதுமைப் பெண், 2024ல் ஆரம்பித்த தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் ஆயிரம் ரூபாய் என்று வைத்தார்கள். அதை வாங்குகிறவர்கள் பஸ், ஜெராக்ஸ் போக முடிந்ததை இதில் போடலாம்.

பாயிண்டை வேண்டாம் என்று தூக்கி எறியச் சொல்லவில்லை. எப்படியும் வாங்கப்போகிற சாமானுக்கு 50 ரூபாய் குறைந்தால் குறையட்டும். அந்த 50ஐ அன்றைக்கே ஆர்.டி. தவணைக்கு எடுத்து வையுங்கள். பாயிண்டுக்காக ஒரு சோப்பு அதிகமாக வாங்காதீர்கள், அவ்வளவுதான்.

ஒன்றைத் தெரிந்துகொண்டு கணக்கு ஆரம்பியுங்கள். ஆர்.டி. ஐந்து வருஷத்துக்கு. மூன்று வருஷம் முடிந்தபின் இடையில் முடிக்கலாம், ஆனால் சாதாரண சேமிப்புக் கணக்கு வட்டிதான் கிடைக்கும். அதனால் லேட்டரல் என்ட்ரிக்கு என்று இன்று ஆரம்பித்தால் முழு வட்டி எதிர்பார்க்காதீர்கள். ஏழாவது, எட்டாவது படிக்கிற தம்பி தங்கைக்கு ஆரம்பித்தால் சரியாக வரும். பத்து வயது நிறைந்திருந்தால் அவர்கள் பெயரிலேயே ஆரம்பிக்கலாம். பன்னிரண்டு தவணை கட்டியபின் அவசரம் என்றால் கட்டிய தொகையில் பாதிவரை கடனும் தருவார்கள். ஒரு மாதம் தவறினால் நூறு ரூபாய்க்கு ஒரு ரூபாய் அபராதம். நாலு மாதம் தவறவிட்டால் கணக்கு நின்றுபோகும், இரண்டு மாதத்துக்குள் போய்ப் புதுப்பிக்க வேண்டும்.