70 வளைவு ஏறியாச்சு... கொல்லிமலை உச்சி எங்கே?

எவரெஸ்ட்டில் முதலில் ஏறியது யார்? டென்சிங், ஹிலாரி, 1953 என்று சட்டெனச் சொல்லிடலாம். நாமக்கல் மாவட்டத்தின் கொல்லிமலையில் முதலில் ஏறியவர் யார்? அந்தப் பேர் எங்கேயும் பதிவாகவில்லை. இங்கே ஏறியவர்கள் கொடி நட வரவில்லை, குடியிருக்க வந்தார்கள்.

காரவள்ளியில் தொடங்கும் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் பைக்கில் தாண்டினால், கூரான சிகரம் நிற்கும்னு நினைச்சா ஏமாற்றம்தான். கண்ணில் படுவது நெல் வயல், பலா மரம், மிளகுக் கொடி. சுமார் 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில், மேடும் பள்ளமுமாக விரிந்த பீடபூமி இது.

இதற்காகச் சண்டையே நடந்திருக்கிறது. இது வில்லுக்குப் பேர்போன வல்வில் ஓரியின் மலை. முள்ளூர் மன்னன் காரி அவனைக் கொன்று மலையைச் சேரனுக்குக் கொடுத்ததாகச் சங்கப் பாடல் சொல்கிறது. இப்போது இங்கு வாழும் மலையாளி பழங்குடிகள் (கேரளத்தோடு குழப்பிக்க வேண்டாம், பேசுவது தமிழ்தான்) தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகச் சொல்கிறார்கள். ரோடு வரும்வரை விளைச்சல் கீழே இறங்கியது ஒற்றையடிப் பாதைகளில், தலைச்சுமையாக.

பைக்கில் வந்தவர்களுக்கும் ஒரு நிஜ ஏற்றம் காத்திருக்கு. ஆனால் அது இறக்கத்தில் ஆரம்பிக்கும். அறப்பளீஸ்வரர் கோயில் அருகே ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கினால், அய்யாறு சுமார் 300 அடி உயரத்திலிருந்து கொட்டும் ஆகாய கங்கை. இறங்கும்போது செல்ஃபி எடுக்கத் தோணும். திரும்பி ஏறும்போது முழங்கால்தான் பேசும். தண்ணி பாட்டிலோடு காலையிலேயே போயிடுங்க.