யார் கட்டிய வீடு?

பூரி, கன்னியாகுமரி, அந்தமான் – எந்தக் கடற்கரைக்குப் போனாலும் குழந்தைகள் சிப்பி பொறுக்குவார்கள். "இதை யார் செஞ்சது?" என்று கேட்பார்கள். என்ன பதில் சொல்வது?

சிப்பியும் சங்கும் கடலில் வாழும் சிறு உயிர்கள் கட்டிய வீடுகள். அந்த உயிர்களின் உடம்பு மெத்தென்று இருக்கும். எலும்பு கிடையாது. கடல் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து கலந்திருக்கிறது. அதை எடுத்துத் தம்மைச் சுற்றி ஓடு கட்டுகின்றன. உடம்பு வளர வளர ஓடும் வளரும்.

உயிர் போன பிறகும் வீடு வீணாவதில்லை. காலிச் சங்கில் ஒருவகை நண்டு குடியேறும். அதன் பின்பக்கத்தில் ஓடு இல்லை. சங்குதான் அதற்குப் பாதுகாப்பு.

சில அரிய சங்குகளைப் பிடிப்பதும் விற்பதும் 2001 முதல் சட்டப்படி குற்றம்.

குழந்தை சங்கை எடுத்தால், சேர்ந்து உள்ளே பாருங்கள். உயிர் இருந்தால் கடலிலேயே விடுங்கள். ஆள் குடியிருக்கும் வீட்டைத் தூக்கி வரலாமா?