பூனை இருக்கும் வீட்டில் நாய் வளர்க்கலாமா?

ஓயாமல் சண்டையிடும் இருவரைப் பற்றிப் பேசும்போது, "நாயும் பூனையும் மாதிரி" என்று சொல்வது நம்மவர் வழக்கம். அந்த உவமையைக் கேட்டுக் கேட்டுப் பழகியவர்கள், அவ்விரு பிராணிகளும் ஒரே கூரையின் கீழ் வாழ்வது சாத்தியமேயில்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். வேறு சிலரோ, நாய்க்குட்டியும் பூனைக்குட்டியும் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து உறங்கும் படத்தை எங்கேயோ பார்த்துவிட்டு, மறுநாளே ஒரு கூடையில் நாய்க்குட்டியுடன் வீட்டுக்கு வந்து சேருகிறார்கள். இவ்விரு கட்சியாரும் விஷயத்தை யோசித்துப் பார்த்தவர்கள் அல்லர்.

வீட்டில் ஏற்கெனவே பூனை இருக்கிறது, குழந்தைகள் நாய் வேண்டுமென்று பிடிவாதம் பிடிக்கிறார்கள், என்ன செய்வது? கேள்வி அற்பமானதாகத் தோன்றலாம். ஆயினும், வாய் பேசாத இரண்டு ஜீவன்களின் பத்துப் பன்னிரண்டு வருஷ வாழ்க்கை நம்முடைய பதிலைப் பொறுத்திருக்கிறது. ஆகவே சற்று நிதானமாக ஆராய்வோம்.

பழைய வீடும் புதிய வீடும்

நம் பாட்டனார் காலத்தில் இக்கேள்வி பெரும்பாலும் எழவேயில்லை. வீட்டின் அமைப்பே அதற்கு விடை கூறிவிட்டது. வாசலும் திண்ணையும் நாயின் எல்லை. நடையைத் தாண்டி உள்ளே வந்தால், யாராவது ஒருவர் அதட்டி வெளியே அனுப்பிவிடுவார். பூனையோ கொல்லைப்புறமாகவும் முற்றத்து ஓட்டுச் சரிவு வழியாகவும் இறங்கி வரும். அடுக்களையும் நெற்குதிரின் ஓரமும் பரண்மேலும் அதன் ராஜ்யம். அன்னியரைக் கண்டு குரைப்பது ஒன்றின் உத்தியோகம். எலியைப் பிடிப்பது மற்றொன்றின் உத்தியோகம். தப்பித் தவறி இரண்டும் எதிர்ப்பட்டால், பூனை ஒரே தாவலில் கூரைமேல் ஏறிவிடும். இரண்டுக்கும் நடுவே வீடு வைத்திருந்த இடைவெளிதான் சமாதானத்தைக் காத்து வந்தது.

இன்றைய நகரத்து அடுக்குமாடி வீட்டில் திண்ணை ஏது, முற்றம் ஏது? ஒரு கூடமும் இரண்டு அறைகளுமே வீடு. நாயும் பூனையும் ஒரே தரையில் நடந்து, ஒரே வாசற்படியில் எதிர்ப்பட்டாக வேண்டும். முன்பு சுவரும் கூரையும் செய்த வேலையை இன்று வீட்டிலுள்ளவர்கள் செய்ய வேண்டியிருக்கிறது. அந்தப் பொறுப்பை ஏற்கச் சித்தமாயிருக்கிறோமா என்பதே முதற் கேள்வி.

பகைமை பிறவியா, பழக்கமா?

நாய்க்கும் பூனைக்கும் ஜன்மப் பகை என்று சொல்வது எவ்வளவு தூரம் உண்மை? இதையொத்த ஒரு கேள்விக்குச் சீன தேசத்து விஞ்ஞானியாகிய குவோ என்பவர் 1930-ம் வருஷத்தில் அழகான விடை ஒன்று தந்தார். அவர் ஆராய்ந்தது பூனைக்கும் எலிக்கும் உள்ள உறவை. எலியைக் கொல்லும் தாய்ப்பூனையுடன் வளர்ந்த குட்டிகள் 21. அவற்றில் 18 எலியைக் கொன்றன. தனிமையில் வளர்ந்த 20 குட்டிகளில் 9 கொன்றன. எலிகளுடனேயே ஒன்றாக வளர்ந்த 18 குட்டிகளிலோ மூன்றே மூன்றுதான் எலியைக் கொன்றன. அவைகூடத் தம்முடன் வளர்ந்த ஜாதி எலிகளை ஒன்றும் செய்யவில்லை. சுபாவம் என்று நாம் எண்ணுவதில் வளர்ப்புக்கும் பெரும் பங்கு உண்டு என்பது இதனால் விளங்குகிறது.

ஆனால் பழக்கத்துக்கும் பருவம் உண்டு. நாய்க்குட்டி பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து சுமார் பன்னிரண்டாவது வாரம் வரையிலும், பூனைக்குட்டி இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரம் வரையிலும், கண்டவற்றையெல்லாம் சுலபத்தில் ஏற்றுக்கொள்கின்றன. அந்தப் பருவத்தில் அறிமுகமானவர்கள் உறவினர். பிறகு வருகிறவர்கள் அன்னியர். பிறகும் பழகலாம். ஆனால் பொறுமை மிகுதியாக வேண்டும்.

2008-ம் வருஷத்தில் டெல் அவீவ் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள், நாயும் பூனையும் சேர்ந்து வாழும் நூற்றுக்கு மேற்பட்ட வீடுகளைப் பற்றி விசாரித்து ஒரு முடிவு வெளியிட்டார்கள். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வீடுகளில் உறவு நல்லபடியாகவே இருந்தது. பூனை முதலில் குடியேறி, நாய் பின்னால் வந்த வீடுகளில் சிநேகம் எளிதாக அமைந்தது. ஆறு மாதத்துக்குட்பட்ட பூனையும் ஒரு வயதுக்குட்பட்ட நாயும் நன்றாக ஒத்துப்போயின.

அவர்கள் கண்ட இன்னொரு விஷயமும் சுவையானது. நாயின் பாஷையும் பூனையின் பாஷையும் பல இடங்களில் நேர்மாறானவை. மகிழ்ச்சி வந்தால் நாய் வாலை ஆட்டும். கோபம் வந்தால் பூனை வாலை வீசி அடிக்கும். நாய் சிநேகமாக வாலாட்டி நெருங்க, பூனை அதைப் போருக்கு அழைப்பென்று எண்ணிக்கொள்ளும். சிறு வயதில் சேர்ந்து வளர்ந்தவையோ ஒன்றின் குறிப்பை மற்றொன்று கற்றுக்கொள்கின்றன. இரண்டு பாஷை பேசும் குடும்பங்களில் குழந்தைகள் கற்பதுபோலத்தான்!

எந்த நாயைக் கொண்டு வருவது?

சீமை நாய்களின் மோகத்தை விட்டு நம் நாட்டு நாய்களை ஆதரிக்க வேண்டும் என்ற எண்ணம் தற்போது பரவி வருகிறது. மிகவும் வரவேற்கத் தக்கது. பனி கொட்டும் தேசங்களுக்காக ரோமம் அடர்ந்து பிறந்த நாயைச் சென்னை வெயிலில் வாட்டுவதில் பெருமை ஒன்றும் இல்லை. 2005-ம் வருஷத்தில் இந்தியத் தபால் இலாகா நான்கு சுதேச நாய் ஜாதிகளுக்குத் தபால் தலை வெளியிட்டுக் கௌரவித்தபோது, அவற்றுள் ஒன்றாக நமது ராஜபாளையம் நாயும் இடம் பெற்றது.

ஆனால் தேசாபிமானம் ஒரு பக்கம் இருக்க, பூனையின் பக்கமும் நின்று பார்க்க வேண்டும். ராஜபாளையம் நாய் காட்டுப் பன்றி வேட்டைக்குப் பெயர் பெற்றது. சிப்பிப்பாறை நாய் முயல் வேட்டையில் தேர்ந்தது. தூரத்தில் அசையும் உருவத்தைக் கண்ணால் கண்டு, அம்பு போலப் பாய்ந்து துரத்துவது தலைமுறை தலைமுறையாக இவற்றின் ரத்தத்தில் ஊறிய தொழில். கூடத்தின் குறுக்கே ஓடும் பூனைக்கும் வயலில் ஓடும் முயலுக்கும் அந்தக் கண் வித்தியாசம் காணாது. கிராமத்துத் தோட்ட வீட்டில் இவை மாணிக்கங்கள். வளர்ந்த வேட்டை நாயைப் பூனை உள்ள சிறு வீட்டில் கொண்டு வந்து விடுவது மட்டும் இருவருக்கும் அநியாயம்.

அப்படியானால் சுதேசிப் பற்றுள்ள குடும்பம் என்ன செய்யும்? தெருவிலே தாயற்றுத் திரியும் சாதாரண நாட்டு நாய்க்குட்டியும் சுதேசிதானே? அது நம் வெயிலுக்கும் மழைக்கும் ஏற்ற உடம்புடன் பிறந்தது, விலை இல்லை, இரண்டு மூன்று மாதத்துக் குட்டியாக எடுத்து வந்தால், பூனையைக் குடும்பத்தில் ஒருவராக ஏற்கவும் பெரும்பாலும் கற்றுக்கொள்ளும்.

முதலில் பூனையைக் கேளுங்கள்

வீட்டில் அப்பாவின் சம்மதம் வாங்குகிறோம். பாட்டியின் சம்மதம் வாங்குகிறோம். பூனையின் சம்மதத்தை வாங்க யாருக்கும் தோன்றுவதில்லை. நாய்க்கு மனக்குறை ஏற்பட்டால் ஊளையிட்டு ஊரைக் கூட்டிவிடும். பூனை அப்படியன்று. கட்டிலின் அடியில் புகுந்துகொள்ளும்; சாப்பாட்டைக் குறைத்துக்கொள்ளும்; வேண்டாத இடத்தில் சிறுநீர் கழிக்கும்; கடைசியில் ஒரு நாள் ஜன்னல் வழியே வெளியேறித் திரும்பி வராமலே போய்விடலாம். "பூனைக்குப் பற்று இல்லை, போய்விட்டது" என்று நாம் பேசுவோம். துரத்தியவர்கள் நாம் என்பது நமக்குத் தெரியாது.

ஆகவே சில கேள்விகளுக்கு உண்மையாக விடை காணுங்கள். பூனை கிழப் பருவத்தை அடைந்துவிட்டதா? நோயாளியா? வாசலில் புதியவர் காலடி கேட்டாலே மறைந்துவிடுகிறதா? முன்பு ஏதேனும் நாயால் கடிபட்டதா? இவற்றில் ஒன்றுக்கு 'ஆம்' என்று விடை வந்தாலும், நாயை எண்ணாமல் இருப்பதே தர்மம். பூனை இளமையும் தைரியமும் உள்ளதாக இருந்து, முதல் சில மாதங்களுக்கு மேற்பார்வை பார்க்க வீட்டில் பெரியவர் ஒருவர் இருந்தால் மாத்திரம் மேலே யோசிக்கலாம். குழந்தைகள் 'நாங்களே பார்த்துக்கொள்வோம்' என்று கொடுக்கும் வாக்குறுதி பரீட்சைக் காலம் வந்தவுடன் காலாவதியாகிவிடும்.

அறிமுகம் செய்யும் முறை

நாய்க்குட்டி வருமுன்பே பூனைக்கு உயரத்தில் இடம் ஒதுக்குங்கள். அலமாரியின் மேல்தட்டு, ஜன்னல் மாடம், பரண் எதுவானாலும் சரி. நாய் எட்டாததாயும் பூனை நினைத்தவுடன் ஏறக்கூடியதாயும் இருக்க வேண்டும். பூனையின் சாப்பாட்டுக் கிண்ணத்தையும் மணல் தொட்டியையும் நாய் புக முடியாத இடத்தில் வையுங்கள்.

முதல் சில நாட்கள் நாய்க்குட்டி தனி அறையில் இருக்கட்டும். மோப்பமே இவ்விரண்டின் முதல் அறிமுகம். ஆகவே ஒன்று படுத்த துணியை மற்றொன்று முகரும்படி வையுங்கள். பிறகு மூடிய கதவின் இரு புறமும் இரண்டுக்கும் சாப்பாடு வைத்தால், அந்த வாசனையுடன் நல்ல நினைவு சேரும். அதற்குப் பின்பே கம்பிக் கதவின் வழியாகவோ, நாயை வாரில் பிடித்துக்கொண்டோ, நேரில் காட்டலாம். சில நிமிஷங்கள் போதும். நாய் பூனையை வெறித்துப் பார்ப்பதை விட்டு உங்கள் பக்கம் திரும்பும்போதெல்லாம் ஒரு துண்டுத் தின்பண்டம் கொடுங்கள். பூனை ஓடினால் நாய் துரத்தும். துரத்தினால் பூனை பின்னும் ஓடும். இந்தச் சுழல் தொடங்க விடாமல் தடுப்பதே வார் பிடிப்பதன் ரகசியம். பூனையைத் தூக்கி நாயின் முகத்தருகே நீட்டி, "பார், உன் தம்பி!" என்று பழக்கப்படுத்துவது கூடவே கூடாது. கீறல் படுவது நாயின் கண்ணாக இருக்கலாம்; உங்கள் கையாகவும் இருக்கலாம்.

இது ஒரு வாரத்தில் முடிகிற காரியம் அன்று. பல வாரங்கள், சில வீடுகளில் பல மாதங்கள் ஆகும். அதுவரை இரண்டையும் தனியே விட்டுவிட்டுச் சினிமாவுக்குப் போகாதீர்கள். இடையில் பூனை இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தால், அல்லது ஆண் பூனை சிறுநீர் கழிக்க முடியாமல் அவதிப்பட்டால், உடனே மிருக வைத்தியரிடம் கொண்டு செல்ல வேண்டும். இரண்டும் உயிருக்கு அபாயமானவை.

சாப்பாடும் மருந்தும்

ஒரே சாப்பாட்டை இரண்டுக்கும் போடும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. நாய் பலவகை உணவில் ஜீவிக்கும். பூனையோ முழுக்க முழுக்க மாமிச பட்சிணி. டாரின் என்ற சத்தைத் தன் உடம்பில் போதிய அளவு தயாரித்துக்கொள்ள அதனால் இயலாது. மீனிலும் மாமிசத்திலும் இருந்தே பெற வேண்டும். அந்தச் சத்துக் குறைந்தால் பார்வை கெடும், இருதயம் பலவீனமாகும். தயிர் சாதம் மட்டும் போட்டு வளர்க்கும் குடும்பங்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மருந்து விஷயத்தில் இன்னும் ஜாக்கிரதை தேவை. நாய்களின் தெள்ளு, உண்ணியை ஒழிக்க முதுகில் விடும் சில மருந்துகளில் பெர்மெத்ரின் என்ற சரக்கு உண்டு. நாய்க்கு அது கெடுதல் செய்யாது. பூனைக்கோ கொடிய விஷம். மருந்து விட்ட நாயின் உடம்பில் பூனை உரசினாலும் ஆபத்து. ஜுரத்துக்கு நாம் சாப்பிடும் பாராசிட்டமால் மாத்திரையும் பூனையைக் கொன்றுவிடும். இரண்டு பிராணிகளும் வீட்டில் இருப்பதை வைத்தியரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.

வெறிநோயை எண்ணி அஞ்சும் தாய்மார்களின் கவலை நியாயமானதே. நாய்க்கடிக்கு வைத்தியம் தேடி நம்மவர் ஏறிச் சென்ற குன்னூர் பாஸ்டர் ஸ்தாபனம் 1907-ல் தொடங்கியது. இன்று அந்த நோயை வராமல் தடுக்கும் ஊசி உள்ளூரிலேயே கிடைக்கிறது. நாய்க்கும் பூனைக்கும் மூன்று மாத வயதில் ஊசி போட்டு, வைத்தியர் சொல்லும் காலங்களில் மறுபடியும் போட வேண்டும். பூனையாலும் இந்நோய் பரவும் என்பதைப் பலர் அறிவதில்லை. கடியோ கீறலோ பட்டால், சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிஷம் கழுவிவிட்டு, அன்றே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும்.

கைவிடுவது பாவம், குற்றமும்கூட

எல்லாம் செய்தும் ஒத்துவரவில்லை என்றால், நாயைத் தொலைதூரத் தெருவில் இறக்கிவிட்டு வருகிறவர்கள் உண்டு. ராஜ்ய சபையில் அங்கத்தினராயிருந்த ஸ்ரீமதி ருக்மிணி தேவி அருண்டேல், பிராணிகளின் துயரைச் சபையில் எடுத்துரைத்து மசோதாக் கொணர்ந்தார். அந்த முயற்சியின் பயனாக 1960-ல் பிராணி வதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. பசியாலும் தாகத்தாலும் வாடும்படி ஒரு பிராணியைத் தக்க காரணமின்றிக் கைவிடுவது அச்சட்டப்படி குற்றம். ஒத்துவராத நாய்க்கு வேறு நல்ல வீடு தேடிக் கொடுப்பது வளர்த்தவரின் கடமை. அந்த வீடு எது என்பதை, நாய்க்குட்டியைக் கையில் எடுக்குமுன்பே நிச்சயம் செய்துகொள்வது விவேகம்.

இவ்வளவையும் யோசித்தபின் 'வேண்டாம்' என்று தீர்மானிக்கும் குடும்பத்தைக் கருணையற்றது என்று யாரும் சொல்ல முடியாது. வாசலில் ஒரு மண்சட்டியில் தண்ணீர் வைத்து, தெரு நாய்க்குத் தடுப்பூசி போட ஏற்பாடு செய்தாலும் அது பிராணி சேவைதான். 'சரி' என்று தீர்மானிக்கும் குடும்பம், நாய்க்குட்டிக்குக் கூடை வாங்கும் அன்றே பூனைக்கு ஓர் உயரமான பலகையையும் ஆணியடித்துப் பொருத்திவிடட்டும்.