சட்டித்தலையன் ஆர்ச்சி: ஒரு தற்பெருமை ரோபோவும் பலூனுக்குள்ள அடங்காத தமிழும்

வழக்கமா நாம இங்க ஆப், ஏஐ, வேலைன்னு பேசுவோம். இன்னைக்கும் ஒரு ரோபோ பத்திதான் பேசப் போறேன். ஆனா இந்த ரோபோவுக்கு எழுபது வயசுக்கு மேல ஆகுது. பேரு ஆர்ச்சி. தமிழ் காமிக்ஸ் ரசிகர்கள் செல்லமா வச்ச பேரு சட்டித்தலையன்.

இது ஏன் திடீர்னு ஞாபகம் வந்துச்சுன்னா, போன மாசம் லீவுக்கு முதுநகர் வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா பையன் வந்திருந்தான். பத்து வயசு. தமிழ் நல்லாப் பேசுவான், சண்டை போடுவான், கிண்டல் பண்ணுவான். படிக்கச் சொன்னா மட்டும் "மாமா, நீயே படிச்சுச் சொல்லு"ன்னுடுவான். எழுத்து தெரியும். ஒவ்வொரு எழுத்தா கூட்டிப் படிச்சு வரி முடியறதுக்குள்ள, வரியோட தொடக்கம் மறந்துடும். இங்கிலீஷ்ல மட்டும் தடி தடியா காமிக்ஸ் படிக்கிறான்.

அவன் வயசுல நான் எப்படித் தமிழ் படிக்கக் கத்துக்கிட்டேன்னு யோசிச்சேன். பாடப் புத்தகத்துல இல்ல. அப்பாவோட ஒரு தகரப் பெட்டியிலதான்.

அப்பா எண்பதுகள்ல சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துல படிச்சவர். சனிக்கிழமை பாசஞ்சர் ரயில்ல முதுநகர் திரும்பும்போது கையில ஒரு பாக்கெட் சைஸ் காமிக்ஸ் இருக்கும். அப்படிச் சேர்ந்ததுதான் அந்தப் பெட்டி.

ஆர்ச்சி யாரு?

முதல்ல கதையைச் சொல்லிடறேன். 1952 பிப்ரவரியில இங்கிலாந்துல 'லயன்'னு ஒரு சிறுவர் வார இதழ் தொடங்கினாங்க. அதோட முதல் இதழ்லயே ஒரு இரும்பு மனிதன் வந்தான். எழுதினவர் ஜார்ஜ் கோவன், பின்னாடி வரைஞ்சவர் டெட் கியர்ன். ஒரு பேராசிரியர் செஞ்ச ரோபோ. அதைக் கூட்டிக்கிட்டு ஊர் சுத்துற ரெண்டு இளைஞர்கள், டெட், கென். ஆரம்பத்துல ஆர்ச்சி பேசவே மாட்டான். ரிமோட்ல அழுத்தினா நடப்பான், அடிப்பான், தூக்குவான். அவ்வளவுதான்.

1960-களின் நடுவுல அவனுக்குக் குரல் கொடுத்தாங்க. அங்கதான் எல்லாம் மாறுது. வாய் வந்ததும் ஆர்ச்சி செஞ்ச முதல் வேலை தன்னைத் தானே புகழ ஆரம்பிச்சதுதான். உலகத்துலயே பலசாலி நான், புத்திசாலி நான், என்னை மாதிரி எவன் இருக்கான்னு ஓயாம அளப்பு. பின்னாடி கோட்டைக் கோபுரம் மாதிரி ஒரு கால இயந்திரமும் வந்துச்சு. ரோபோ, காலப் பயணம், காமெடி மூணும் ஒரே பெட்டிக்குள்ள.

இங்க சிவகாசியில, இருபது வயசுகூட ஆகாத எஸ். விஜயன் 1984-ல ஒரு காமிக்ஸ் தொடங்கினார். அதுக்கும் பேரு லயன். அவரோட அப்பா சௌந்தரபாண்டியன் ஏற்கனவே முத்து காமிக்ஸ் மூலமா 'இரும்புக்கை மாயாவி'யைத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்தினவர். லயன் தொடங்கின அதே வருஷம் ஆர்ச்சியும் தமிழ் பேச ஆரம்பிச்சுட்டான்.

ஏன் பத்து வயசுக்குப் பிடிக்குது?

எட்டுலேர்ந்து பன்னிரண்டு வரைக்கும் இருக்கிற வயசு ஒரு விசித்திரமான வயசு. பாட்டி சொல்ற காக்கா நரிக் கதை சின்னப்புள்ளத்தனமாத் தெரியும். பெரியவங்க நாவல் புரியாது. தமிழ்ல நாம ரெண்டு வயசுப் படப் புத்தகத்துலேர்ந்து பதினாலு வயசு வரைக்கும் எல்லாத்தையும் 'சிறுவர்'னு ஒரே அலமாரியில போட்டுடுவோம். நடுவுல இருக்கிறவன் அந்த அலமாரிப் பக்கமே வர மாட்டான்.

அந்த வயசுக்குத் தேவை மூணு விஷயம். ஒண்ணு, ஆபத்து நிஜமா இருக்கணும். ரெண்டு, ஆபத்து நடக்கும்போதே சிரிக்க இடம் இருக்கணும். மூணு, கதையில இருக்கிற பலசாலியைவிட நாம கொஞ்சம் புத்திசாலின்னு படிக்கிறவனுக்குத் தோணணும்.

மூணாவதுதான் ஆர்ச்சியோட ரகசியம். பத்து வயசுப் பையனை வீட்டுல எல்லாரும் திருத்துறாங்க. உட்காரு, எழுந்திரு, வாயை மூடு. ஆர்ச்சி கதையில மட்டும், அந்த ராட்சச இரும்பு உருவத்தைப் பார்த்து "டேய், பேசாம வேலையைப் பாருடா"ன்னு அவன் மனசுக்குள்ள சொல்லலாம். வாசகன் அங்க பெரியவன் ஆயிடறான்.

இது நமக்குப் புதுசும் இல்ல. எங்க கடலூர், விழுப்புரம் பக்கம் தெருக்கூத்து பார்த்திருக்கீங்களா? ராஜா திரைக்குப் பின்னாடி நின்னுக்கிட்டே தன் பெருமையைத் தானே பாடிக்கிட்டு வருவார். வெளியில கட்டியக்காரன் நின்னு "யாருய்யா நீ, எந்த ஊரு?"ன்னு காலை வாருவான். கூட்டம் சிரிக்கும். ஆர்ச்சி அந்த ராஜா. டெட்டும் கென்னும் பாதி கட்டியக்காரன். மீதி கட்டியக்காரன் படிக்கிற நாமதான்.

பலூன் பிரச்சினை

இப்ப என் தொழில் சம்பந்தப்பட்ட பகுதி. நீங்க ஒரு ஆப்பை இங்கிலீஷ்ல டிசைன் பண்ணிட்டுத் தமிழுக்கு மாத்தினா முதல்ல என்ன உடையும்? பட்டன். எழுத்து வெளியில வழியும். காமிக்ஸ்லயும் அதே கதைதான். படம் ஏற்கனவே வரைஞ்சாச்சு, பேச்சு பலூனோட அளவு முடிவாயிடுச்சு. அதுக்குள்ள தமிழ் அடங்கணும்.

இங்கிலீஷ்ல 'தே ஆர் கமிங்' மூணு குட்டி வார்த்தை. ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா அடுக்கலாம். தமிழ்ல 'வந்துகொண்டிருக்கிறார்கள்' ஒரே வார்த்தை, 13 எழுத்து. குறுகலான பலூன்ல அதை எங்க உடைப்பீங்க? தப்பான இடத்துல உடைஞ்சா, கூட்டிப் படிக்கிற பையன் அங்கயே விழுந்துடுவான்.

ஆனா தமிழுக்கு ஒரு பலமும் இருக்கு. வினைச்சொல் வால்லயே ஆள் ஒளிஞ்சிருக்கார். 'ஓடுகிறான்'னு சொன்னா 'அவன்'னு தனியா எழுத வேண்டாம். படத்துலயும் ஆள் தெரியறார். அதனால 'அவர்கள்' போச்சு. 'வருகிறார்கள்' 7 எழுத்து. பேச்சுத் தமிழ்ல 'வர்றாங்க' வெறும் 5. ஆனா அந்தக் காலத் தமிழ் காமிக்ஸ் பெரும்பாலும் எழுத்து நடையிலதான் பேசும். இரும்பு ரோபோ சுத்தமான எழுத்துத் தமிழ்ல பீத்திக்கிறது, அதுவே ஒரு தனி காமெடி. சின்ன வயசுல அது எனக்குப் பாடமாப் படல. ரோபோன்னா இப்படித்தான் பேசும்போலன்னு நெனச்சேன். இலக்கணப் புத்தகத்துல பயமுறுத்தின அதே வினைமுற்றுகள் ஆர்ச்சி வாயில சிரிப்பா இருந்துச்சு.

இன்னொரு விஷயம், வேகம். அங்க அது வாரா வாரம் வந்த தொடர். ஒரு வாரத்துக்கு ரெண்டு மூணு பக்கம்தான். அடுத்த வாரமும் பையன் காசு கொடுத்து வாங்கணும்னா, கடைசிப் படத்துல யாராவது ஒருத்தர் ஆபத்துல தொங்கணும். இங்க அதையெல்லாம் சேர்த்து ஒரே புத்தகமாப் போட்டாங்க. பக்கமும் சின்னது, ஒரு பக்கத்துல சில படங்கள்தான். அதனால சில பக்கங்களுக்கு ஒருதரம் ஒரு ஆபத்து வந்துக்கிட்டே இருக்கும். மெதுவாப் படிக்கிற பையனுக்கு இது வரம். கஷ்டப்பட்டு நாலு பக்கம் தாண்டினா உடனே பரிசு கிடைக்குது.

பெட்டி என்ன ஆச்சு?

2011 டிசம்பர் 30. தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவுல கரையேறின காலை. எங்க வீட்டு ஓடு பாதி பறந்துடுச்சு. மாவட்டம் முழுக்க முந்திரியும் பலாவும் வேரோட சாஞ்சு கிடந்தப்ப, காமிக்ஸ் பத்தி யாரு பேசுவாங்க? தண்ணி வடிஞ்சப்புறம் பெட்டியைத் திறந்தா, உள்ள ஒரே கூழ். பக்கங்கள் ஒட்டி, செங்கல் மாதிரி ஆயிருந்துச்சு. அப்பா ஒண்ணும் சொல்லல. பெட்டியைக் கழுவிக் காயவச்சு அரிசி கொட்டி வச்சுட்டார்.

ஒரே ஒரு ஆர்ச்சி தப்பிச்சது. சிதம்பரத்துல பெரியம்மா வீட்டுக்கு நான் எடுத்துட்டுப் போய்த் திருப்பித் தராம விட்டது. அட்டை இல்ல, கடைசி ரெண்டு பக்கமும் இல்ல.

அதைத்தான் போன மாசம் அக்கா பையன்கிட்ட கொடுத்தேன். முதல் பத்து பக்கம் நான் குரல் மாத்தி மாத்திப் படிச்சேன். ஆர்ச்சி பீத்தும்போது அவன் சிரிச்சான். ஒரு பெரிய ஆபத்து வந்த இடத்துல, போன் வந்துச்சுன்னு பொய் சொல்லிட்டு எழுந்து வெளிய போனேன்.

திரும்பி வந்து கதவோரம் நின்னேன். அவன் விரலை வச்சுக்கூட்டி, சத்தமாப் படிச்சுக்கிட்டிருந்தான். 'றா'வையும் 'நா'வையும் குழப்பிக்கிட்டான். ஒரு நீளமான வினைச்சொல்ல மூணு தரம் முட்டினான். ஆனா நிறுத்தல. அப்பா திண்ணையில பேப்பரை விரிச்சு வச்சிருந்தார். ரொம்ப நேரமா பக்கம் திருப்பவே இல்ல.

சாயங்காலம் பையன் வந்து கேட்டான்: "மாமா, கடைசிப் பக்கம் எங்க? அந்த ரோபோ ஜெயிச்சுதா?" நான் வாயைத் திறக்கறதுக்குள்ள அப்பா முழுக் கதையையும் சொல்லிட்டார்.

இப்பவும் சிவகாசியிலேர்ந்து லயனும் முத்துவும் வந்துக்கிட்டுத்தான் இருக்கு, பெரிய சைஸ், வண்ணத்துல. புத்தகக் காட்சியில அந்த ஸ்டால் பக்கம் போனா நான் பார்க்கிறது பெரும்பாலும் அப்பாக்களைத்தான். பிள்ளைங்க பக்கத்துல போன் பார்த்துக்கிட்டு நிப்பாங்க. வாங்கற அப்பாக்கள்கிட்ட எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள். அதைப் பிளாஸ்டிக் உறை போட்டு பீரோவுல வைக்காதீங்க. பத்து பக்கம் படிச்சுக் காட்டுங்க. ஆபத்து வர்ற இடத்துல நிறுத்துங்க. அப்புறம் போன் வந்துச்சுன்னு ஒரு பொய் சொல்லுங்க.