இரும்பு வேலைக்கு ஏற்ற கேஸ் டார்ச்சைத் தேர்ந்தெடுப்பது எப்படி?



உழவு நேரத்தில் கல்டிவேட்டரின் கொழு வளைந்தாலும், டிரெய்லர் சட்டம் விரிசல் கண்டாலும் டவுன் பட்டறைக்குத் தூக்கிச் சென்று காத்திருக்க வேண்டியுள்ளது. அதற்குள் மண்ணின் ஈரம் காய்ந்துவிடுகிறது. எனவே நான்கைந்து பேர் கூடிச் சொந்தமாக கேஸ் டார்ச் வாங்க எண்ணுவது இயல்பே. ஆனால் விலையை மட்டும் பார்த்து வாங்கினால் பணமும் வீண், உயிருக்கும் ஆபத்து.

வேலையை முதலில் முடிவு செய்க

பற்றவைக்கும் டார்ச்சும் வெட்டும் டார்ச்சும் வெவ்வேறு. வெட்டும் டார்ச்சில், சுற்றியுள்ள சுடர்கள் இரும்பைச் செஞ்சூடாக்கும். பின்னர் நெம்புகோலை அழுத்தினால் நடுத்துளை வழியே பாயும் ஆக்சிஜன் அந்த இரும்பை எரித்துத் தள்ளும். வார்ப்பிரும்பையும் துருப்பிடிக்காத எஃகையும் இம்முறையில் சரிவர வெட்ட இயலாது.

கனமான பட்டைகளை இணைக்க மின்சார வெல்டிங்கே எளிது. அந்த வசதி உள்ளவர்களுக்கு வெட்டும் டார்ச் மட்டும் போதும். மெல்லிய தகடுகளையும் கேஸ் கொண்டு பற்றவைக்க வேண்டுமாயின், ஒரே கைப்பிடியில் தலையை மாற்றிப் பொருத்தும் இணைப்பு டார்ச் வாங்கலாம்.

எந்த வாயு?

எஃகைப் பற்றவைக்க அசிட்டிலீன் வாயுவே ஏற்றது. ஆக்சிஜனுடன் சேர்ந்து அது சுமார் 3,100 டிகிரி சென்டிகிரேடு வெப்பம் தரும். எல்.பி.ஜி. வெட்டவும் சூடாக்கி நிமிர்த்தவும் உதவும். ஆனால் ஆக்சிஜன் கூடுதலாகச் செலவாகும். எல்.பி.ஜி. சுடரில் எஃகைப் பற்றவைத்தால் இணைப்பு உறுதியாக இராது. வீட்டுச் சமையல் சிலிண்டரை இதற்குப் பயன்படுத்துவது சட்டப்படி தவறு. வணிக சிலிண்டரையே வாங்க வேண்டும்.

நாசில் கவனம்

அசிட்டிலீனுக்கான வெட்டும் நாசில் பொதுவாக ஒரே துண்டாகவும், எல்.பி.ஜி.க்கானது இரண்டு துண்டாகவும் இருக்கும். ஒன்றுக்கு மற்றொன்றைப் பொருத்தக் கூடாது. 6 மி.மீ. வரையுள்ள தகட்டிற்கு 0.8 மி.மீ. துளையும், 12 மி.மீ. தகட்டிற்கு 1.2 மி.மீ. துளையும் பொருந்தும். பெரிய துளை ஆக்சிஜனை வீணாக்கும். டார்ச்சில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும், அந்த நாசில் உங்கள் ஊர்க் கடையில் கிடைப்பதும் முக்கியம்.

செலவைக் குறைக்கக் கூடாத இடம்

சில வேளைகளில் சுடர் டார்ச்சுக்குள் திரும்பி, குழாய் வழியே சிலிண்டரை நோக்கி ஓடும். இதைத் தடுக்கும் ‘பிளாஷ்பேக் அரெஸ்டர்’ என்ற கருவியை இரண்டு ரெகுலேட்டர்களிலும் அவசியம் பொருத்துங்கள். டார்ச் விலையில் மிச்சம் பிடித்தாலும் இதில் பிடிக்க வேண்டாம்.

மேலும் கவனிக்க வேண்டியவை:

1. அசிட்டிலீன் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோவைத் தாண்டக் கூடாது. சிலிண்டரை நிமிர்த்தியே வைத்துச் சங்கிலியால் கட்டுங்கள்.

2. ஆக்சிஜன் வால்விலும் ரெகுலேட்டரிலும் எண்ணெய், கிரீஸ் படக் கூடாது, தீப்பற்றும். டிராக்டர் வேலை செய்த கையைக் கழுவிய பின்னரே தொடுங்கள்.

3. அசிட்டிலீன் குழாயைச் செம்புக் குழாய் கொண்டு ஒட்டுப்போட வேண்டாம். வெடிக்கும் பொருள் உண்டாகும்.

4. கசிவைச் சோப்பு நீரால் மட்டும் சோதியுங்கள்.

5. காலி டீசல் டிரம்மை வெட்டாதீர்கள். உள்ளே தங்கிய ஆவி வெடிக்கும். வைக்கோற்போர் அருகிலும் வேலை கூடாது.

வாங்கிய பின், அனுபவமுள்ள பட்டறைக்காரரிடம் சில நாள் பழகிய பிறகே தனியாகச் சுடரை ஏற்றுங்கள். பொருத்தமான டார்ச்சும் பழகிய கையும் சேர்ந்தால், பருவம் தவறாமல் ஏர் ஓடும்.