கோட் 17: ஒரு பின்கோடு பெருமையான கதை

ரெஸ்யூமேல அட்ரஸ் எழுதும்போது கடைசியா வர்ற பின்கோடை யாரும் கவனிச்சுப் படிக்கிறதில்ல. ஆனா மும்பையில் ஒரு ராப்பர் தன் பின்கோடையே பாட்டுக்குப் பேரா வச்சார். தாராவியைச் சேர்ந்த எம்சி அல்தாஃப் 2019-ல் வெளியிட்ட அந்தப் பாட்டின் பேர் 'கோட் மும்பை 17'. தாராவியின் பின்கோடு 400017. அதோட கடைசி இரண்டு எண்தான் அந்த 17.

இதுல என்ன பெரிய விஷயம்னு தோணலாம். நம்ம ஹாஸ்டல்லயே "எந்த ஊரு?"ன்னு கேட்டா, சொந்த ஊர் பேரை விட்டுட்டு பக்கத்துல இருக்கிற பெரிய ஊர் பேரைச் சொல்றவங்க இருக்காங்க. சின்ன ஊருக்கே இந்தத் தயக்கம்னா, 'ஸ்லம்'னு உலகமே முத்திரை குத்தின இடத்துக்காரங்களுக்கு எப்படி இருக்கும்? சயான், மாஹிம்னு பக்கத்து ஏரியா பேரைச் சொல்லிச் சமாளிச்ச தாராவிக்காரங்க உண்டு. அப்படி மறைச்சு வச்ச அட்ரஸை மைக்கில் கத்திச் சொல்ற அளவுக்கு ஹிப்ஹாப் எப்படி மாத்துச்சு?

வெளியே இருந்து பார்த்த தாராவி

தாராவி மும்பையின் நடுவில் இருக்கு. பரப்பளவு 2 சதுர கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல. அதுக்குள்ள லட்சக்கணக்கான மக்கள், ஆயிரக்கணக்கான சின்னச் சின்னத் தொழிற்கூடங்கள். தோல் பொருட்கள், தையல், பிளாஸ்டிக் மறுசுழற்சி, குஜராத்திலிருந்து வந்த குயவர்களின் கும்பார்வாடா எல்லாம் அங்கதான். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து போய் தலைமுறைகளா வாழ்ற தமிழர்களும் நிறைய.

ஆனா வெளியே இருக்கிறவங்களுக்குத் தெரிஞ்ச தாராவி வேற. 2008-ல் வந்த 'ஸ்லம்டாக் மில்லியனர்' எட்டு ஆஸ்கர் வாங்குச்சு. நம்ம ரஹ்மானுக்கு இரண்டு. நாம கொண்டாடினோம், ஆனா பேரில் இருந்த அந்த 'டாக்' மும்பையின் குடிசைப் பகுதி மக்கள் பலருக்கு வலிச்சது. தாராவியில் பிரேக் டான்ஸ் ஆடிய ஒரு குழு, அதுக்குப் பதிலா தனக்கு 'ஸ்லம்காட்ஸ்'னு பேர் வச்சுக்கிச்சு. ஆங்கிலத்தில் 'டாக்'கின் எழுத்துகளைத் திருப்பிப் போட்டா 'காட்', அதாவது கடவுள். திட்டின வார்த்தையையே எடுத்து பட்டமா மாட்டிக்கிறது ஹிப்ஹாப்பின் பழைய வித்தை.

பிறந்ததே ஒரு அட்ரஸில்

ஹிப்ஹாப் பிறந்த நாளா எல்லாரும் சொல்றது 1973 ஆகஸ்ட் 11. இடம் நியூயார்க்கின் பிராங்க்ஸ், செட்விக் அவென்யூ, கதவு எண் 1520. அந்த அபார்ட்மென்ட்டில் நடந்த பார்ட்டியில் டிஜே கூல் ஹெர்க் இசைத்தட்டுகளைச் சுழற்றினார். அந்தக் காலத்து பிராங்க்ஸும் நெடுஞ்சாலைக்காக நடுவில் அறுக்கப்பட்டு, கட்டடங்கள் எரிஞ்சு, நகரமே கைவிட்ட ஏரியாதான். அதனால "நான் எங்கிருந்து வர்றேன்"னு சொல்றது ஹிப்ஹாப்பில் ஆரம்பத்திலிருந்தே முக்கியம்.

மும்பையில் இந்த அலை பெருசானது 2014, 2015-ல். குர்லாவைச் சேர்ந்த நேஸி, 'ஆஃபத்' பாட்டை ஒரு ஐபேட்லயே ரெக்கார்ட் பண்ணி வீடியோவும் எடுத்தார். அடுத்த வருஷம் அவரும் அந்தேரியின் டிவைனும் சேர்ந்து 'மேரே கல்லி மே' கொண்டுவந்தாங்க. 'என் சந்துல'ன்னு அர்த்தம். டிவைன் எங்க போனாலும் 59-னு சொல்வார். அது அவர் ஏரியாவின் பின்கோடு, 400059. இந்த இரண்டு பேரின் வாழ்க்கையிலிருந்து உருவானதுதான் 2019-ல் வந்த 'கல்லி பாய்' படம்.

ராப்பால மட்டும் ஏன் முடியுது?

மூணு காரணம் சொல்லலாம்.

முதல் காரணம், இடம். மெட்டுக்கு எழுதுற பாட்டில் ஒரு வரிக்கு நாலஞ்சு வார்த்தைதான் உட்காரும். அதில் நிலா, காதல், கண்ணீர் வந்தாலே இடம் முடிஞ்சிடும். ராப்பில் அதே நேரத்துக்குள்ள இரண்டு மூணு மடங்கு வார்த்தை போகும். அதனால தெருப் பேர், டீக்கடை, தண்ணி வர்ற நேரம், ரயில்வே ஸ்டேஷன் எல்லாத்துக்கும் பாட்டில் சீட் கிடைக்குது. பொதுவா "என் ஊர் அழகு"ன்னு சொன்னா யாருக்கும் ஒட்டாது. "90 அடி ரோடு"ன்னு சொன்னா அங்க நடந்தவனுக்குச் சிலிர்க்கும்.

இரண்டாவது, அவங்க வரியை அவங்களே எழுதணும்ங்கிற விதி. அடுத்தவன் எழுதிக் கொடுத்ததைப் பாடினா ராப்பருக்கு மரியாதை போயிடும். வாழாத வாழ்க்கையைப் பாடினா அதே சந்துப் பசங்களே கலாய்ச்சுடுவாங்க. அதனால பெருமை பேசும்போதே சாக்கடையையும் சேர்த்துப் பேச வேண்டியிருக்கு. டூரிஸம் விளம்பரத்துக்கும் இதுக்கும் வித்தியாசம் இங்கதான்.

மூணாவது, செலவு. கிட்டார் வேண்டாம், கிளாஸ் ஃபீஸ் வேண்டாம். ஒருத்தன் வாயால பீட்பாக்ஸ் போட, மத்தவங்க வட்டமா நின்னு மாறி மாறிப் பாடினா போதும். தாராவியில் 2015 முதல் 'தாராவி ட்ரீம் ப்ராஜெக்ட்' குழந்தைகளுக்கு ராப், பீட்பாக்ஸ், பிரேக் டான்ஸ் எல்லாம் இலவசமா சொல்லித் தருது.

தமிழும் உண்டு

தாராவியின் 'டோப்அடெலிக்ஸ்' குழு தமிழ், இந்தி, மராத்தி, ஆங்கிலம் எல்லாம் கலந்து ராப் பண்றவங்க. தாராவித் தமிழர்களைப் பற்றி பா. ரஞ்சித் 2018-ல் 'காலா' எடுத்தபோது, சந்தோஷ் நாராயணன் இசையில் இவங்க ராப்பும் சேர்ந்துச்சு. அதே ஊரை நினைவுபடுத்திய 'நாயகன்' 1987-ல் வந்தப்போ தாராவிக்காரங்க திரையில் தெரிஞ்ச முகங்கள். 'காலா'வில் அவங்களே எழுதிப் பாடுற குரல்கள். 31 வருஷத்தில் நடந்த மாற்றம் இது.

பெருமை போதுமா?

போதாதுதான். பாட்டு ஹிட் ஆனா குழாயில் தண்ணி கூடுதலா வராது. 'கல்லி' விளம்பரங்களுக்கு ஸ்டைல் ஆகிடுச்சு, ஆனா மைக் பிடிக்கிற பெண்கள் இன்னும் ரொம்பக் குறைவு.

இப்போ இன்னும் பெரிய கேள்வி ஒண்ணு வந்திருக்கு. தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தின்படி, 2000 ஜனவரி 1-க்கு முன்னாடி இருந்து தரைத்தளத்தில் குடியிருக்கிறவங்களுக்குத்தான் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி இலவச வீடு. அப்புறம் வந்தவங்களுக்கும், மாடியில் இருக்கிறவங்களுக்கும் வீடு தாராவிக்கு வெளியேதான். பெரும்பாலும் மாடியில் இருக்கிறவங்க வாடகைக்காரங்க. 17-னு கத்திப் பாடின ஒரு பையனோட வீடு நாளைக்கு வேற பின்கோடுக்குப் போயிடலாம்.

ராப்பால அந்த விதியை மாத்த முடியாது. ஆனா "அங்க இருக்கிறது வெறும் குப்பை, இடிச்சுட்டுக் கட்டலாம்"னு இனி யாரும் சுலபமா சொல்லிட முடியாது. அந்த ஒவ்வொரு சந்துக்கும் ஒரு பேர் இருக்கு, அங்க யார் வாழ்ந்தாங்கன்னு பாட்டில் பதிவாகியிருக்கு. அடுத்த முறை ஒரு லோக்கல் ராப் கேட்கும்போது, அதில் எத்தனை இடப்பேர் வருதுன்னு எண்ணிப் பாருங்க. அப்புறம் உங்க ஊரைப் பற்றி ஒரு பாட்டு எழுதினா எந்தத் தெருப் பேரெல்லாம் வரும்னு யோசிங்க.